பின்னாடி நிக்கிறவனின் கதை: டாக்டர் தலிமெரென் ஆவ்

நெட்டுக்குப்பத்தில் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வலை காயப்போடும் மணல் திட்டில் சாயங்காலமானால் பிள்ளைகள் பந்து ஆடுவார்கள். ஒரு பக்கம் ஊன்றிய இரண்டு கம்புதான் கோல் போஸ்ட். இன்னொரு பக்கம் கழற்றிவைத்த செருப்புகள். பின்னணியில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. குப்பத்துப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் சாதி கேட்காமல் ஒரே அணியில் நிற்கிற இடம், எனக்குத் தெரிந்து இந்தப் பகுதியில் இது ஒன்றுதான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அப்படி நிற்கமாட்டார்கள்.

எங்கள் மாலைப் பள்ளிக்கு வரும் பதினான்கு வயசுப் பையன் ஒருவன் அங்கே டிஃபென்ஸ் ஆடுகிறவன். பிரேசில் மஞ்சள் சட்டை போட்டிருப்பான். ஒருநாள் கேட்டான்: "ஏன்க்கா, மெஸ்ஸி, நெய்மார்னு எல்லாம் கோல் போடுறவன் கதையாவே சொல்றாங்க. பின்னாடி நிக்கிறவனுக்கு ஒரு கதையும் கெடையாதா?"

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நகரத்தில் ஒரு தேர்வு முகாமுக்கு அவனைக் கூட்டிப்போயிருந்தேன். ஸ்டட் வைத்த ஷூ இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே மாதம் எங்கள் பக்கம் நடந்த ஒரு போட்டியில் பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர், "வெறுங்கால்ல ஆடுறதுதான் நம்ம மண்ணோட பெருமை" என்று மேடையில் பேசினார். கைதட்டினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படிந்தபோது, இதே பிள்ளைகளின் கால்களில் ஒட்டிய கருப்பு நாள்கணக்கில் போகவில்லை. அந்தக் கால்களின் பெருமையைப் பற்றித்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

பையனின் கேள்விக்குப் பதில் தேடியபோது வந்து சேர்ந்த பெயர்தான் டாக்டர் தலிமெரென் ஆவ். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்கு, 1948 லண்டனில், கேப்டனாக இருந்தவர். மோகன் பகான் கிளப்பின் பின்களத்தில் ஒன்பது ஆண்டுகள் நின்றவர். அவர் தலித் அல்ல, நாகா பழங்குடி. அப்படியென்றால் இந்தப் பக்கத்தில் ஏன் என்று கேட்கும் தோழர்கள், கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பையன் மஞ்சள் சட்டைக்காரன் என்பதால் கதையை பிரேசிலிலிருந்தே தொடங்கினேன். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது அங்கே 1888-இல்தான். கால்பந்து அதற்குப் பிறகு வெள்ளை மேட்டுக்குடி கிளப்புகளின் விளையாட்டாக வந்து இறங்கியது. 1923-இல் ரியோ டி ஜெனிரோவின் வாஸ்கோ ட காமா கிளப், கறுப்பினத்தவரும் ஏழைத் தொழிலாளர்களும் நிறைந்த ஓர் அணியை வைத்து நகரப் பட்டத்தை வென்றுவிட்டது. பெரிய கிளப்புகளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டே பிரிந்துபோய்ப் புதிய சங்கம் அமைத்தன. வாஸ்கோ அதில் சேர வேண்டுமானால் பன்னிரண்டு வீரர்களை நீக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டன. தோல் நிறத்தைக் காரணமாக எழுதவில்லை. எழுதப்படிக்கத் தெரியாது, கௌரவமான வேலை இல்லை என்பதுபோன்ற காரணங்கள்தான். தகுதி, திறமை என்ற சொற்களை இட ஒதுக்கீட்டு விவாதங்களில் கேட்டுச் சலித்த நமக்கு இது புதிதாகவா இருக்கிறது? 1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோவின் தலைவர், அந்தப் பன்னிரண்டு பேரையும் விட்டுத்தர முடியாது, சங்கத்தில் சேரவும் போவதில்லை என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை அந்த கிளப் இன்றும் கொண்டாடுகிறது.

அந்தக் காலத்து ரியோவில் வளர்ந்தவர் டொமிங்கோஸ் ட கியா. 1912-இல் பிறந்த கறுப்பினத் தடுப்பாட்டக்காரர். நகரத்தின் ஓரத்தில் துணி ஆலையைச் சுற்றி வளர்ந்த பாங்கு என்ற தொழிலாளர் பகுதி அவருடைய ஊர். நம்ம பின்னி மில்லைச் சுற்றி வளர்ந்த பெரம்பூர், புளியந்தோப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1929-இல் ஆடத் தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் ஆடினார். உருகுவேயின் நாசியோனல், பிரேசிலின் வாஸ்கோ, அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் என்று மூன்று நாட்டு கிளப்புகளில் அடுத்தடுத்துப் பட்டம் வென்றவர். 1938 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு ஆடினார். பந்தை அடித்துத் துரத்தாமல், எதிராளியை ஏமாற்றிவிட்டு நிதானமாக எடுத்துக்கொண்டு வெளியேறுவது அவர் பாணி. அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரே பிற்காலத்தில் ஒரு காரணம் சொன்னார்: சிறுவயதில், மோதிவிட்டார்கள் என்பதற்காகக் கறுப்பின ஆட்டக்காரர்கள் மைதானத்திலேயே அடிவாங்கியதைப் பார்த்திருக்கிறார். மோதாமல் தப்பிக்கக் கற்றுக்கொண்டார், நடன அசைவைப்போல. ரசிகர்கள் அழகு என்று பார்த்தது, அடிபடாமல் பிழைக்க அவர் கண்டுபிடித்த வழி.

பையனுக்கு இது சட்டென்று பிடித்துவிட்டது. "நம்ம தள்ளினா ஃபவுலு, அவன் தள்ளினா ஆட்டம், அதானேக்கா?" என்றான். இதற்குமேல் சமூகவியல் வகுப்பு எதற்கு.

சரி, நம் ஆளுக்கு வருவோம்.

தலிமெரென் ஆவ் 1918 ஜனவரி 28 அன்று நாகா மலையில் சாங்கி என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அது நாகாலாந்தின் மொகோக்சுங் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா பாப்டிஸ்ட் போதகர். அமெரிக்க மிஷனரிகள் நடத்திய இம்பூர் மிஷன் வளாகத்தில் குடும்பம் குடியேறியது. கால்பந்து அந்த மலைக்கு வந்ததும் மிஷன் வழியாகத்தான். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த வீடு. 1935-இல் அப்பா டைஃபாய்டு கண்டு இறந்தார். மகன் டாக்டராகித் தன் மக்களுக்கு வேலை செய்யவேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதை மறுபடி இங்கேதான் வந்து நிற்கும்.

ஜோர்ஹாட்டில் பள்ளி, குவாஹாத்தியில் காட்டன் கல்லூரி, அங்கேயே மகாராணா கிளப்பில் ஆட்டம். 1942-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று அதன் பெயர் ஆர்.ஜி. கர். மறுவருடமே மோகன் பகான் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அந்த வருடத்தைக் கவனியுங்கள்: 1943. வங்கப் பஞ்சத்தில் கிராமத்து ஏழைகள் கல்கத்தா நடைபாதைகளில் செத்து விழுந்த வருடம். அடுத்த வருடம் ஜப்பான் படை கோஹிமாவரை வந்தது. அவருடைய சொந்த மலையே போர்க்களமானது. 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் மதக்கலவரம். பஞ்சம், போர், கலவரம் எல்லாவற்றுக்கும் நடுவில் காலையில் பிணவறையும் பாடப்புத்தகமும், மாலையில் மைதானமும் என்று ஓடியிருக்கிறது அவருடைய இருபதுகள். படிப்பு 1950-இல்தான் முடிந்தது. எட்டு வருடம்! வெளியூர் வந்து விடுதியில் தங்கி, ஸ்காலர்ஷிப் வரும்வரை கடன் வாங்கிப் படிக்கும் தோழர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

அவர் நின்ற இடம் ஹாஃப்-பேக். அன்றைக்கு அணிகள் 2-3-5 என்ற அமைப்பில் ஆடின. கோலிக்கு முன்னால் இரண்டு பேக்குகள், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப்-பேக்குகள், மிச்சம் ஐந்து பேர் தாக்குதலுக்கு. ஐந்து பேர் வந்து மோதும்போது முதலில் எதிர்கொள்கிற சுவர் ஹாஃப்-பேக். பந்தைப் பறித்தால் முன்னே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியதும் அவர்தான். கொடுத்தபிறகு கைதட்டல் இன்னொருவருக்கு. அவருக்குப் பின்னால் இருந்த பேக் சைலென் மன்னா, 1942 தொடங்கி ஏறக்குறைய பத்தொன்பது வருடம் மோகன் பகானுக்கே ஆடியவர். இந்த இருவரும் ஒரே கிளப்பில், ஒரே இந்திய அணியில்.

மோகன் பகான் வங்காளத்து பத்ரலோக்கின் கிளப். 1911-இல் ஆங்கிலேயர் அணியை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு எடுத்த அதன் வீரர்களில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள், ஒருவர் மட்டுமே பூட்ஸ் போட்டிருந்தார். தேசியவாதிகள் அந்த வெறுங்காலை ஒரு சின்னமாக்கினார்கள். அந்த கிளப்பில் ஒரு நாகா மாணவர் வந்து சேர்ந்து கேப்டனாகவும் ஆனார் என்பது சாதாரண விஷயமில்லை. கிரிக்கெட்டில் இதற்கு முப்பது வருடம் முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். சாமர் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு அன்றைய இந்தியாவின் மிகச்சிறந்த பந்துவீச்சாளர். ஆனால் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்கு ஒருபோதும் தரப்படவில்லை. 1920-களில் அவருடைய தம்பி விட்டல்தான் அதைப் பெற்றார். பந்து வீசலாம், விக்கெட் எடுக்கலாம், தலைமை மட்டும் தாங்கக்கூடாது. (பாலு 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பது தனிக் கதை. யார் நிறுத்தினார்கள், எதற்கு நிறுத்தினார்கள் என்று தோழர்கள் தேடிப் படிக்கவேண்டும்.)

ஆவுக்கு மட்டும் கதவு திறந்தது ஏன்? என் கணிப்பைச் சொல்கிறேன். பழங்குடி, இந்து சாதி அடுக்குக்கு வெளியே வைக்கப்பட்டவர். கிறிஸ்தவர், மருத்துவ மாணவர், ஆங்கிலம் பேசுபவர். அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தால் யாருக்கும் தீட்டுப்பட்டதாக ஆகாது. சேரியிலிருந்து வந்த ஒருவருக்கு இதே கதவு இதே வேகத்தில் திறந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. விலக்கிவைப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. எஸ்.சி./எஸ்.டி. என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால் அந்த வேறுபாட்டை நாமே மறந்துவிடுகிறோம்.

1948 ஜூலை 29, லண்டன் வெம்ப்ளி மைதானம். ஒலிம்பிக் தொடக்க விழாவில் சுதந்திர இந்தியாவின் கொடியை முதன்முதலாக ஏந்திச் சென்றவர் தலிமெரென் ஆவ். அதற்கு ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக, 1947 ஆகஸ்ட் 14 அன்று, நாகா தேசிய கவுன்சில் தங்கள் மக்களின் சுதந்திரத்தைத் தனியாக அறிவித்திருந்தது. அந்தக் கொடிப் படத்தை ஒருமைப்பாட்டுக்கு விளம்பரமாகப் பயன்படுத்துகிறவர்கள் இந்தத் தேதியைச் சொல்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கைகளில் இருந்த பாரம் தெரியும். இருபது வருடம் முன்பு, 1928 ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணிக்குக் கேப்டனாகப் போன ஜெய்பால் சிங்கும் முண்டா பழங்குடிதான். ஆவ் கொடி ஏந்திய அதே வருடம் ஜெய்பால் சிங் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து ஆதிவாசிகளுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஆட்டம், பிரான்சுக்கு எதிராக, லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டில். இந்தியாவின் பதினொரு பேரில் எட்டுப் பேர் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள். முப்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல். எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன்செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் அதுதான். அடித்தவர் பெங்களூர்க்காரர். கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. பார்த்தவர்கள் தோற்ற அணிக்குத்தான் அதிகம் கைதட்டினார்கள் என்பார்கள்.

ஆட்டத்துக்குப் பின் ஏன் வெறுங்காலில் ஆடுகிறீர்கள் என்று நிருபர் கேட்டதற்கு, நாங்கள் ஆடுவது கால்பந்து, நீங்கள் ஆடுவது பூட்ஸ்பந்து என்று ஆவ் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. நல்ல பதில்தான். கேள்வியிலிருந்த ஏளனத்தை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப்பேர் அந்த ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏளனத்துக்குச் சொன்ன பதிலைத் தத்துவமாக மாற்றிவிட்டார்கள்.

வெறுங்கால் பற்றிய வரலாறு என்ன சொல்கிறது? 1950 உலகக் கோப்பை பிரேசிலில். மற்ற ஆசிய நாடுகள் விலகியதால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் போகவில்லை. வெறுங்காலில் ஆட ஃபிஃபா தடை போட்டதால் நாம் தன்மானத்தோடு மறுத்துவிட்டோம் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது கட்டுக்கதை. சம்மேளனம் அப்போது சொன்ன காரணங்கள் அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரமில்லை என்பவைதான். பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்க பிரேசில் அமைப்பாளர்கள் முன்வந்திருந்தார்கள். உலகக் கோப்பையின் மதிப்பு அன்றைய நிர்வாகிகளுக்குத் தெரியவில்லை, ஒலிம்பிக்தான் பெரிது என்று நினைத்தார்கள். வெறுங்கால் காரணமில்லை என்று சைலென் மன்னாவே பின்னாளில் சொன்னார். நிர்வாகத்தின் அலட்சியத்தை வீரர்களின் கால்மேல் போட்டுவிட்டோம். (அந்த உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றபோது பழி விழுந்ததும் பின்னாடி நின்ற மூன்று பேர்மீது: கோலி பார்போசா, ஜுவெனல், பிகோடே. மூவரும் கறுப்பினத்தவர்.)

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் மறுபடி பலர் பூட்ஸ் இல்லாமல் இறங்கினார்கள். யூகோஸ்லாவியா 10-1 என்று அடித்தது. அதற்குப் பிறகுதான் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. நாலு வருடம் கழித்து மெல்போர்னில் அதே இந்தியா ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தது. பயிற்சியாளர் ரஹீமின் உழைப்பு அதில் பெரிய பங்கு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான்.

ஹெல்சின்கி அணியில் ஆவ் இல்லை. 1950-இல் எம்.பி.பி.எஸ். முடித்தவர், 1952-க்குப் பிறகு மோகன் பகானுக்கு ஆடவில்லை. திப்ருகரில் சில காலம் வேலை செய்துவிட்டு 1953-இல் கோஹிமாவுக்கு உதவி சிவில் சர்ஜனாகப் போய்விட்டார். கல்கத்தாவிலேயே இருந்திருந்தால் பேரும் பணமும் சேர்ந்திருக்கும். அப்பா கேட்டது அதை இல்லை.

கோஹிமாவில் ஐம்பதுகள் எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப்பாருங்கள். ஆயுதப் போராட்டம், ராணுவ நடவடிக்கை, எரிந்த கிராமங்கள். 1958-இல் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. முதலில் பிரயோகிக்கப்பட்டதே நாகர்கள் வாழும் பகுதிகளில்தான். இந்தியக் கொடியை லண்டனில் ஏந்திய மனிதர், அந்த நாட்டின் ராணுவம் குவிந்திருந்த மலையில் அரசு டாக்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1963-இல் நாகாலாந்து தனி மாநிலமானபோது அதன் சுகாதாரத் துறை இயக்குநரானார். 1978-இல் ஓய்வு பெற்றார். கால்பந்து அவருக்குக் கொடுத்தது ஒன்பது வருடம். மலைக்கு அவர் கொடுத்தது இருபத்தைந்து வருடம். எது அவருடைய 'கேரியர்' என்று எழுதுவது? விளையாட்டுப் பக்கங்கள் முதல் ஒன்பதோடு முடித்துக்கொள்கின்றன. எனக்கு இரண்டாவதும் டிஃபென்ஸ் ஆட்டம்தான்.

1998 செப்டம்பர் 13 அன்று இறந்தார். இருபது வருடம் கழித்து, 2018-இல், அவர் படத்தோடு தபால் தலை வந்தது. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் பெயரை நான் படித்ததில்லை. நீங்கள் படித்தீர்களா?

இதையெல்லாம் மூன்று சாயங்காலமாகத் துண்டு துண்டாகப் பையன்களிடம் சொன்னேன். நாகா மலை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினார்கள். கோல் அடித்த ராமன் நம்ம பக்கத்து ஆளா என்று ஒருவன் கேட்டான். டிஃபென்ஸ் பையனுக்கு வேறு கவலை. டாக்டர் படிக்கிறவர் மேட்ச்சில் காலை உடைத்துக்கொண்டால் பரீட்சைக்கு என்ன செய்வார் என்றான்.

போன மாதம் பாரிமுனை நடைபாதைக் கடையில் பேரம் பேசி ஆறு ஜோடி பழைய ஸ்டட் ஷூ வாங்கினோம். தோழர்கள் சிலர் பணம் அனுப்பினீர்கள், நன்றி. ஆறில் நான்கு ஜோடி ஒரே அளவு, அது யாருக்கும் சேரவில்லை. மாற்றித்தரக் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். அடுத்த தேர்வு முகாமுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எட்டாம் நம்பர் ஷூ யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.